வீதிகளுக்கு மதிப்பெண்: யாருடைய வேகத்தில் அளப்பது?

ஒரு வீதியைப் புதிதாக அமைப்பதற்கோ மாற்றியமைப்பதற்கோ முன்னர், நடந்து செல்வோருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் அது எந்த அளவுக்கு உகந்தது என்று மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறை பிரிட்டனில் வேரூன்றி வருகிறது. பொறியாளர்களின் அலுவலகத்துக்குள் முடிந்துவிடும் கணக்கு வேலையாக இது தோன்றலாம். ஆனால், முதியவர் ஒருவர் தனியாகக் கடைக்குச் சென்று வர முடியுமா, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போக முடியுமா என்பதெல்லாம் இந்த மதிப்பீட்டில் எது அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

வாகனத்திலிருந்து மனிதருக்கு

வீதிகளுக்குத் தரம் வழங்கும் வழக்கம் புதியதல்ல. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு வெளியான நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு, சாலைகளை 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் பிரித்தது. வாகனங்கள் தடையின்றி ஓடினால் 'ஏ', நெரிசலில் திணறினால் 'எஃப்'. இந்த அளவுகோலின்படி, பாதசாரிகளுக்கென ஒரு கடவையை அமைத்தால் வாகனங்கள் தாமதமாகும். எனவே சாலையின் தரம் குறையும். நடப்பவரின் காத்திருப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தப் பார்வைக்கு மாற்றாக, லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2017இல் 'ஆரோக்கியமான வீதிகள்' என்ற அணுகுமுறையை ஏற்றுக்கொண்டது. பொது சுகாதார நிபுணரான லூசி சாண்டர்ஸ் இதை உருவாக்கினார். வீதியைக் கடப்பது எளிதா, உட்கார்ந்து இளைப்பாற இடம் உண்டா, நிழல் உண்டா, காற்று தூய்மையாக உள்ளதா, இரைச்சல் அதிகமா, மக்கள் பாதுகாப்பாக உணர்கின்றனரா என்பன போன்ற 10 குறியீடுகள் இதில் உள்ளன. வடிவமைப்பாளர்கள் ஒவ்வோர் அம்சத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் வழங்கி, இப்போதைய வீதியையும் திட்டமிடப்படும் வீதியையும் ஒப்பிடுகின்றனர்.

சராசரி மறைக்கும் ஆபத்து

இங்கிலாந்துக்காக பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சு 2020 ஜூலையில் வெளியிட்ட மிதிவண்டிக் கட்டமைப்பு வழிகாட்டி மேலும் கண்டிப்பானது. தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, கவர்ச்சி ஆகிய ஐந்து அடிப்படைகளில் ஒரு திட்டம் குறைந்தது 70 சதவீத மதிப்பெண் பெற வேண்டும் என்கிறது அது. அத்துடன், உயிராபத்து விளைவிக்கக்கூடிய குறை ஒன்றுகூட இருத்தலாகாது என்ற நிபந்தனையையும் விதிக்கிறது.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் முக்கியமானது. மூன்று கிலோமீட்டர் தூரம் மிகச் சிறந்த மிதிவண்டிப் பாதை இருந்து, நடுவில் ஒரு சந்தியில் மட்டும் லாரிகளுக்கிடையே புகுந்து செல்ல வேண்டியிருந்தால், சராசரி மதிப்பெண் உயர்வாகவே வரும். ஆனால் தாய் ஒருவர் தன் பிள்ளையை அந்த வழியே அனுப்ப மாட்டார். வழியின் மிக மோசமான இடமே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

சில குறைகள் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. உதாரணமாக, வாகனங்களும் மிதிவண்டிகளும் ஒன்றாகச் செல்லும் தடத்தின் அகலம் 3.2 மீட்டருக்கும் 3.9 மீட்டருக்கும் இடையில் இருப்பது ஏற்கத்தக்கதல்ல என்கிறது இதே வழிகாட்டி. தடம் குறுகலாக இருந்தால் ஓட்டுநர் பின்னால் காத்திருப்பார். அகலமாக இருந்தால் போதிய இடைவெளி விட்டு முந்துவார். இடைப்பட்ட அகலமோ, இடம் போதும் என்ற எண்ணத்தைத் தந்து, உரசுவதுபோல் முந்திச் செல்லத் தூண்டுகிறது.

கடக்கப் போதாத நொடிகள்

பிரிட்டனில் பாதசாரிகளுக்கான சமிக்ஞை விளக்குகளின் நேரம், ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற அனுமானத்தில் நீண்டகாலமாகக் கணக்கிடப்பட்டு வந்தது. ஆனால் இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் சராசரி நடைவேகம் ஆண்களுக்கு நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர் மட்டுமே என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. 12 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க 10 நொடிகள் போதும் என்பது கணக்கு. அந்த மூதாட்டிக்குத் தேவைப்படுவதோ 15 நொடிகள்.

பிள்ளைகளுடன் வாழ்வதற்காக முதிய வயதில் புலம்பெயர்ந்து வந்த தமிழ்ப் பெற்றோரை இது நேரடியாகப் பாதிக்கிறது. கார் ஓட்டத் தெரியாத அவர்களில் பலருக்குக் கோயில், கடை, மருத்துவர் என எல்லாமே நடையை நம்பியவை. கடக்க அஞ்சுபவர் வீட்டுக்குள் முடங்குகிறார். பின்னர் அவ்வீதியில் நடப்போரை எண்ண வரும் அதிகாரி, அங்கு முதியவர்களைக் காணாமல், கடவைக்குத் தேவை இல்லை என்று எழுதிவிடவும் கூடும். வீதியில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் எந்த மதிப்பீட்டிலும் இந்தக் குறை உண்டு.

காகிதமும் களமும்

தமிழகத்திலும் விதிகளுக்குப் பஞ்சமில்லை. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012இல் வகுத்தது. நடைக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் கொண்ட வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. ஆனால் வரைபடத்தில் உள்ள அகலம் வேறு, மின்மாற்றிக்கும் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களுக்கும் இடையே மிஞ்சும் அகலம் வேறு. தடையாக இருப்பது எது என்பதையும் கவனமாகப் பிரித்தறிய வேண்டியுள்ளது. தெருவோர வியாபாரி நடமாட்டத்தையும் பாதுகாப்பு உணர்வையும் தருபவர். அவரை அகற்றிவிட்டு அகலத்தை மட்டும் கூட்டுவது நல்ல மதிப்பெண் ஆகாது.

மதிப்பீட்டு முறைகளால் மட்டும் வீதிகள் மாறிவிடுவதில்லை. அவற்றுக்கு நிதியோடு பிணைப்பு வேண்டும். இங்கிலாந்தில் 2022இல் தொடங்கப்பட்ட 'ஆக்டிவ் டிராவல் இங்கிலாந்து' என்ற அரசு அமைப்பு, தரம் குறைந்த திட்டங்களுக்கு நிதி மறுக்கும் நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது. எந்த நகரமாயினும், தன் பகுதியில் வீதித் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது குடிமகன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இது எத்தனை மதிப்பெண் பெற்றது? எந்த இடத்தில் பூஜ்யம் வாங்கியது? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டே அத்திட்டம் யாருக்கானது என்பதை அறியலாம்.