மேட்டில் நத்தம், பள்ளத்தில் மனை

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டைத் தாண்டி, மனை பார்க்க வந்த நான்கைந்து குடும்பங்களோடு ஒரு வேன் மண் சாலையில் இறங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம். மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், வரிசையாக வண்ணக் கொடிகள். “ஸ்கூல் அஞ்சு நிமிஷம், பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம் சார்” என்கிறார் கூட்டி வந்தவர். பொய்யே சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த நிலத்தின் முதல் சொந்தக்காரர் அப்போது ஊரில் இல்லை. அவர் ஐப்பசியில்தான் வருவார். தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

செங்கல்பட்டு என்றதும் செங்கல்தான் நினைவுக்கு வருகிறது. பழைய பெயரோ செங்கழுநீர்ப்பட்டு. நீர்நிலையில் பூக்கும் பூவின் பெயரால் அமைந்த ஊர் அது. ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் கொளவாய் ஏரி இன்றும் ஊரை ஒட்டிக் கிடக்கிறது. தெற்கே போனால் மதுராந்தகத்தில் ராமருக்கே ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர். பறவைகளால் புகழ்பெற்ற வேடந்தாங்கலின் பெயரில் உள்ள ‘தாங்கல்’ சிற்றேரியைக் குறிக்கும் சொல்.

இத்தனை ஏரிகள் ஏன்? இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மிக மெல்லச் சரிகிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஓடும் நீரைத் தடுக்க, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டார்கள். மேல் ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியே வெளியேறி, வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிக் கடல் வரைக்கும் ஒரு சங்கிலி. நடுவில் ஒரு வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால் சங்கிலி அறுந்துவிடும். தண்ணீர் மட்டும் நிற்காது. பழைய தடத்தைத் தேடிக்கொண்டு வரும்.

ஊர்க்காரர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று பாருங்கள். வருவாய்த் துறைக் கணக்கில் ‘கிராம நத்தம்’ என்று எழுதியிருக்கும் இடம்தான் பழைய குடியிருப்பு. பெரும்பாலும் அது சுற்றியுள்ள வயலைவிட மேடாக இருக்கும். பள்ளத்தை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைய லேஅவுட்டுகளில் பல, அந்த நெல் வயலில்தான் விழுகின்றன.

நெல் வயலுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரைத் தேக்கி, சேறாக உழுது, மிதித்து நாற்று நடும்போது மண்ணின் நுண்துளைகள் அடைபடும். ஆண்டுக்கணக்காக இது நடந்தால் உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய அடுக்கு ஒன்று உருவாகிவிடும். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்பதற்காகவே தலைமுறைகளாக உழைத்த நிலம் அது. மேலே நாலடி கிராவல் கொட்டினாலும் கீழே உள்ள அடுக்கு மறைந்துவிடாது. களிமண் அதிகமென்றால், ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும். அதற்கேற்ற அஸ்திவாரம் போடாவிட்டால் சுவரில் கோணலாக விரிசல் ஓடும்.

மழையின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 49 செ.மீ. பெய்தால் சுமார் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர், ஒரே மனையில், ஒரே நாளில்! மேட்டு மனை தன் ஒன்பது லாரியைப் பக்கத்து மனைக்கு அனுப்பிவிடும். பள்ளத்து மனை எல்லோருடையதையும் வாங்கிக்கொள்ளும். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரில் அந்த மழையின்போது தெருவில் படகு போனது இப்படித்தான்.

கிழக்கே கோவளம், மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தால் கவலை வேறு. இங்கே மழைநீர் மணலில் சட்டென்று இறங்கிவிடும். இறங்கி எங்கே போகிறது என்பதுதான் அதிசயம். கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் வித்தியாசம். அதனால் மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் கட்டுமரம்போல மிதக்கிறது. மேலே தெரிவது கொஞ்சம், மூழ்கியிருப்பது அதிகம். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இருக்கும். டச்சுக்காரர் கைபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் பகீர் என்கிறது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவரும். குப்பத்து உறைகிணற்றில் வாளியால் சேந்தும்வரை தண்ணீர் இனிக்கும். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் இழுத்தால், உப்பு கூம்புபோல எழும்பி வந்து குழாயில் நுழையும். ஒருமுறை உப்பேறிய மணல் இனிப்பாகப் பல மழைக்காலம் பிடிக்கும்.

கடலுக்கு எவ்வளவு அருகே வீடு கட்டலாம்? மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஒரு பாறைக் கல்வெட்டை வெளிக்காட்டியது. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியதில் மணலுக்குள் முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். அதையும் கடல் அலையே அழித்திருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதினார்கள். இன்று உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பாய்வதை வெறும் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே, பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் போதாது. அவை நிலம் யாருடையது என்று சொல்லும். எப்படிப்பட்டது என்று சொல்லா. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கி, ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே, நத்தம் எங்கே என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண் நன்செய்யா, புன்செய்யா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம், “மழையில இங்க தண்ணி நிக்குமா தாத்தா?” என்று கேளுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது, உள்ளதைச் சொல்வார்.

சித்திரையில் மனையைப் பாருங்கள், விலையும் பேசுங்கள். கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.