படம் பார்க்கும் இரவும் காச்சாங் பூத்தே பொட்டலமும்

சனிக்கிழமை இரவு கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் நடந்து சென்றால், பல கதவுகளுக்குப் பின்னால் தமிழ்ப் படம் ஓடும் சத்தம் கேட்கும். வாரம் முழுவதும் ஷிஃப்ட்டு வேலை, ஓவர்டைம், டியூஷன் என்று ஆளுக்கொரு திசையில் ஓடிய குடும்பம் ஒன்றாக உட்காருவது அந்த மூன்று மணி நேரம்தான். நடுவில் ஒரு தட்டு. அதில் முறுக்கு, மரவள்ளிச் சீவல், சீனிப்பாகு பூசிய பாப்கார்ன். பக்கத்தில் பெரிய போத்தலில் இனிப்புப் பானம்.

தட்டைச் சுற்றி எல்லாரும் இருப்பார்கள். ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். அப்பாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம். “உங்களுக்குத்தான் இனிப்பு நீர் இருக்கே, வேண்டாம்பா” என்று பிள்ளை சொல்லும். அவரும் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வார். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் அதே கை சத்தமில்லாமல் தட்டுக்குப் போகும்.

இதில் யாரைக் குறை சொல்வது? திருட்டுத்தனமாகச் சாப்பிடும் அப்பாவையா, தடுக்கும் பிள்ளையையா? உண்மையில் குறை அந்தத் தட்டில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடிய தட்டை வைக்க முடியாதா என்பதே கேள்வி.

எண்கள் சொல்லும் செய்தி

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின் கணக்குப்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனாலும் நீரிழிவு உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது.

அப்படியானால், சனிக்கிழமை இரவுத் தட்டு ‘அப்பாவுக்கு மட்டும் ஆகாத தட்டு’ அல்ல. அதே பாயில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் அது ஆகாமல் போகலாம். அவர்கள் இன்னும் இரத்தம் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்துத் திடலில் என்ன சாப்பிட்டார்கள்?

மாவுச்சத்து குறைந்த தாவர உணவு என்றவுடன், பேரங்காடியில் விலை உயர்ந்த பொட்டலத்தில் விற்கும் ஏதோ வெள்ளைக்காரர் தின்பண்டம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் விடை வீட்டிலேயே கிடைக்கும்.

ரப்பர் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பட்டணத்துத் திரையரங்கு வாசல்களில் காச்சாங் பூத்தே விற்பவர் தட்டுடன் நின்றிருப்பார். பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி, அவித்த கச்சான், அவித்த கொண்டைக்கடலை, வறுத்த பட்டாணி என்று கேட்டதை அளந்து போடுவார். ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் இந்தத் தொழிலாலேயே பெயர் பெற்ற ஒரு கிராமமும் உண்டு. தமிழர் குடும்பங்கள் தலைமுறையாக அங்கே இந்த வியாபாரத்தைச் செய்து வந்திருக்கின்றன.

அந்தக் கூம்பில் இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, உள்ளே இருந்தது பெரும்பாலும் பயறும் கடலையும். இரண்டு, அது சிறியது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். காச்சாங் பூத்தே தட்டில் முறுக்கும் ஓமப்பொடியும் சீனி பூசிய கச்சானும் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று அதைச் சாப்பிட்டவர்கள் விடியற்காலையிலேயே எழுந்து நாளெல்லாம் நடந்து மரம் சீவியவர்கள். இன்று படம் பார்ப்பவர் காலையிலிருந்து நாற்காலியிலோ லாரியிலோ உட்கார்ந்திருந்தவர். பண்டம் மாறாவிட்டாலும் வாழ்க்கை மாறிவிட்டது.

முறுக்குக்கும் கடலைக்கும் என்ன வேறுபாடு?

மாவுச்சத்து வயிற்றில் செரித்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அரிசியை நைசாக அரைத்து முறுக்குப் பிழிந்தால், அந்த மாவு சீக்கிரம் செரித்துவிடும். எண்ணெயின் கலோரி அதற்கு மேல். கடலை, பயறு வகைகளில் மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் செரிமானம் மெதுவாக நடக்கிறது. இரத்தச் சர்க்கரையும் மெதுவாகவே ஏறுகிறது. வயிறும் சீக்கிரம் நிறைகிறது.

எல்லாக் கடலையும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம் நிலக்கடலையில் 5 கிராம் அளவுக்கே மாவுச்சத்து உண்டு. புரதம் 7 கிராம். அவித்த கொண்டைக்கடலை அரைக் கிண்ணத்தில் சுமார் 22 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதில் 6 கிராம் நார்ச்சத்து. ஆகவே கொண்டைக்கடலை நல்ல உணவுதான், ஆனால் ‘எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்ற வகை அல்ல. நிலக்கடலையில் மாவுச்சத்து குறைவு என்றாலும் கொழுப்பு அதிகம். 30 கிராமிலேயே ஏறக்குறைய 170 கலோரி. கைப்பிடி என்பது கைப்பிடியாகவே இருக்க வேண்டும்.

பாப்கார்ன்? எண்ணெய் இல்லாமல் பொரித்த மூன்று கோப்பையில் ஏறக்குறைய 19 கிராம் மாவுச்சத்து. சீனிப்பாகு இல்லாமல் ஒரு சிறு கிண்ணம் என்றால் பயப்படத் தேவையில்லை. வாளி கணக்கில் சாப்பிடும்போதுதான் பிரச்சினை.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி தட்டில் இல்லை, போத்தலில் இருக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தில் 325 மில்லிலிட்டர் டின் ஒன்றைக் குடித்தால் 32 கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்குக் கலால் வரி விதித்ததும், பின்னர் அதைக் கூட்டியதும் இதனால்தான். அப்பாவின் கையிலிருந்து முறுக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு கிளாஸ் சர்பத்தை நீட்டுவதில் என்ன பயன்?

தட்டை எப்படி நிரப்பலாம்?

சுகாதார அமைச்சு சாப்பாட்டுத் தட்டுக்கு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்ற விதியைச் சொல்கிறது. தட்டின் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். படம் பார்க்கும் தட்டையும் இதே பாதையில் அடுக்கலாம்.

பாதித் தட்டு: வெள்ளரிக்காய், செங்குவாங், அதிகம் பழுக்காத கொய்யா. நீளத் துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகாய்த்தூளும் சிட்டிகை உப்பும் தூவினால் மொறுமொறுப்புக்குக் குறைவிருக்காது. 100 கிராம் செங்குவாங்கில் மாவுச்சத்து 9 கிராம்தான். அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. ரோஜாக் குழம்பை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; அதில் சீனி இருக்கிறது.

அடுத்த கால் பங்கு: தௌஃபூ அல்லது தெம்பே. இரண்டும் சோயா அவரையில் செய்தவை. சந்தையில் எளிதாகக் கிடைப்பவை. கெட்டியான தௌஃபூவைக் கட்டமாக நறுக்கி, ஈரத்தைத் துணியில் ஒற்றி, மஞ்சள், மிளகாய்த்தூள், சோம்புத்தூள் பிசறி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு எடுங்கள். கறிவேப்பிலையையும் அதே கல்லில் பொரிய விடுங்கள். தெம்பேயை மெல்லியதாகச் சீவி இதே முறையில் செய்தால் சீவல் போல மொறுமொறுவென்று வரும்.

மீதிக் கால் பங்கு: கச்சான் கலவையும் கடலைச் சுண்டலும். தோலோடு அவித்த கச்சானை உரித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறினால் கலவை தயார். கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து அவித்து, கடுகு, காய்ந்த மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுத் தாளிக்கலாம். ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் போதும்.

குடிக்க, சீனி போடாத தே ஓ அல்லது எலுமிச்சைத் துண்டு போட்ட குளிர்ந்த நீர். பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளிக்கலாம். சீனியைப் பாதியாக்கி, அடுத்த வாரம் அதிலும் பாதியாக்கிப் பழக்கினால் நாக்கு பழகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுபவர் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாமல் கூடுதலாகச் சாப்பிடுகிறார் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் பொதுத்தட்டில் ஆளாளுக்குக் கைவிடுவதை விட, அந்தக் காலத்துக் காச்சாங் பூத்தேகாரர் செய்தது போல ஒவ்வொருவருக்கும் தாளைச் சுருட்டி அளந்து கொடுத்துவிடலாம். அச்சடித்த தாளுக்குப் பதில் சுத்தமான வெள்ளைத் தாளாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவும் இருக்கும். திரையில் ‘இடைவேளை’ என்று வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு நடைபாதையில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் ஊசி போடுபவர்களும், சில வகை நீரிழிவு மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு அதன் அறிகுறிகள். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கடலையும் பயறும் அளவோடுதான் அனுமதிக்கப்படும். அவர்களும் கேட்டுக்கொள்வது அவசியம். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பூஞ்சை வாடை அடிக்கும் கச்சானை யோசிக்காமல் வீசிவிடுங்கள்.

நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்கள் அரசாங்க கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ளலாம். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். ஒரு திரைப்பட டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு?

தீபாவளிக்கு முறுக்கு சுட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பண்டிகைக்கு வந்த பலகாரம் வாராவாரம் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் சிக்கல். சனிக்கிழமைத் தட்டு மாறினால், “உங்களுக்கு வேண்டாம்பா” என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் வேலை இருக்காது. பிள்ளை நீட்டும் பொட்டலத்தை அப்பாவும் விளக்கு எரியும்போதே வாங்கிக்கொள்ளலாம்.