குளிர்நீரும் கால்துடுப்பும்

ஐசுலாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவில் சில்ஃப்ரா என்னும் நீர்ப்பிளவு உள்ளது. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் எல்லையில் அமைந்தது அது. லாங்யோக்குல் பனிப்பரப்பின் உருகுநீர் எரிமலைப் பாறைகளினூடே பல பத்தாண்டுகள் கசிந்து, வடிகட்டப்பட்டு அங்கு வந்து சேர்கிறது. நீரின் தெளிவில் 100 மீட்டருக்கு அப்பாலும் கண் செல்லும். வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகை செல்சியசுதான். இத்தகைய நீரில் முக்குளிக்க விழைவோர் உலருடையையும் மூச்சுக் கருவியையும் துருவித் துருவி ஆராய்கின்றனர். கால்துடுப்பை மட்டும் நிறம் பார்த்து வாங்கிவிடுகின்றனர்.

நீரின் வெப்பங்கடத்துதிறன் காற்றினதைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதி. ஆதலின் தண்ணீரில் உடல் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. இழப்பைத் தடுக்க உடல் கைகால்களின் குருதிக்குழாய்களைச் சுருக்கி, குருதியை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்குகிறது. குருதி குறைந்த பாதம் முதலில் மரத்துப்போகும். அந்நிலையில் துடுப்பின் பாதக்கூடு வேறு இறுக்கினால் எஞ்சிய குருதியோட்டமும் தடைப்படும். பாதத்தின் வளைவிலும் கெண்டைக்காலிலும் குரக்குவலி பிடிக்கும். காலுறையின் வேலையும் இங்கே கெடுகிறது. கம்பளி தானே வெப்பம் தருவதில்லை. இழைகளுக்கிடையே தங்கிய காற்றே பாதத்தைக் காக்கிறது. நெருக்கிப் பிதுக்கிய காலுறையில் அக்காற்றுக்கு இடமேது?

எனவே குளிர்நீருக்குரிய துடுப்பை வெறுங்காலுக்கு அளந்து வாங்குதல் தவறு. காலை மூடும் காலணிக்கே அதை அளக்க வேண்டும். வெறுங்காலில் மாட்டும் மூடிய குதித் துடுப்பு வெப்பக் கடல்களுக்குப் போதும். குளிர்நீருக்குக் குதி திறந்து, வாரால் பிணைக்கப்படும் வகையே உகந்தது. 5 அல்லது 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோப்ரீன் காலணியோ, உலருடையோடு இணைந்த பருத்த காலணியோ அதனுள் நுழைய வேண்டுமன்றோ? கடைக்குச் செல்லும்போது காலணியையும் உள்ளே அணியும் தடித்த காலுறையையும் உடன் கொண்டு செல்க. மாட்டியபின் கால்விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். புறங்கால் மேட்டில் அழுத்தம் இருத்தலாகாது. காலைத் தூக்கிப் பக்கவாட்டில் உதறினால் துடுப்பு தள்ளாடவும் கூடாது. அளவெண்ணை நம்புவதில் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் ‘பெரியது’ மற்றொன்றின் ‘நடுத்தரம்’ ஆகிவிடுகிறது.

கரையில் சரியாகப் பொருந்தியது ஆழத்திலும் அவ்வாறே பொருந்தும் எனக் கொள்ளுதல் இயலாது. நியோப்ரீன் என்பது நுண்ணிய வளிக்குமிழ்கள் நிறைந்த இரப்பர்ப் பஞ்சு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையினும் இருமடங்காகிறது. குமிழ்கள் சுருங்க, காலணி மெலிகிறது. கரையில் பற்றி நின்ற இரப்பர் வார் அங்கே தளரும். துருவேறா எஃகுச் சுருள்வில்லால் ஆன வாரோ, காலணி மெலிய மெலியத் தானும் சுருங்கி இடைவெளியை ஈடுசெய்யும். கொளுக்கியைத் தேடித் துழாவும் வேலையும் அதில் இல்லை. தடித்த கையுறைக்குள் மரத்த விரல்களால் சிறு கொளுக்கியைத் திறக்க முயன்றோர் இதன் அருமையை அறிவர். பின்புறத்து வளையத்தில் கட்டைவிரலைக் கோத்து இழுத்தாலே போதும். சற்று விலை கூடினும் இதில் சிக்கனம் பார்த்தல் வேண்டா என்பேன்.

இனி எடை. உலருடைக்குள் இருக்கும் வளி எப்போதும் மேல்நோக்கி ஓடும். தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் அது காலணிக்குள் புகுந்து ஊதிப் பெருக்குகிறது. பாதம் காலணியிலிருந்து நழுவ, துடுப்பும் கழன்று போகலாம். முக்குளிப்பவர் தலைகீழாக மேலே இழுக்கப்படவும் கூடும். நீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் துடுப்பு இவ்விடரை மிகுவிக்கிறது. கனத்த இரப்பர்த் துடுப்பு கால்களைத் தாழ்த்தி வைக்கிறது. பிரான்சின் பொஷா நிறுவனம் 1964இல் வெளியிட்ட ‘ஜெட்ஃபின்’ என்னும் துளையுடைய குட்டையான துடுப்பு இன்றும் உலருடை அணிவோரிடையே விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டல் கிளறாமல் தவளையுதை உதைப்பதற்கும் அதன் விறைப்பு ஏற்றது. நடுவே பிளவுபட்ட மென்துடுப்புகள் முழங்காலுக்கு இதமானவை என்பது மெய். பின்னோக்கி நகரவும் நின்ற இடத்தில் திரும்பவும் அவை அவ்வளவாக உதவுவதில்லை.

கணுக்காலில் ஈயக்குண்டுகளைக் கட்டி மிதப்பை அடக்குவோரும் உளர். உதைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈயத்தையும் சேர்த்தன்றோ வீச வேண்டியுள்ளது! அதனினும் எடையுள்ள துடுப்பே நன்று. ஆனால் கால்வலிமை குறைந்தோர் விறைப்பு மிக்கதைப் பிறர் புகழக் கேட்டு வாங்குதல் கூடாது. அகலம் சற்றுக் குறைந்த இரப்பர்த் துடுப்பைத் தேர்ந்து, உலருடை முழுவதும் அணிந்து ஒரு நீச்சல்குளத்தில் உதைத்துப் பார்த்தபின் பணம் கொடுக்கலாம்.