மங்குஸ்தானும் மனித மரபும்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாகப் பொழியும் நாள்களில், அருவிக்கரைக் கடைகளில் கருஞ்சிவப்புத் தோலும் வெண்ணிறச் சுளையும் கொண்ட ஒரு பழம் குவிந்து கிடப்பதைக் காண்கிறோம். மங்குஸ்தான் என்னும் அப்பழத்தின் தாயகம் மலாய்த் தீபகற்பம். கம்பெனி ஆட்சிக் காலத்தில் இம்மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடப்பட்டன. ரம்புட்டான், துரியான் போன்ற கீழ்த்திசைப் பழமரங்களும் இம்மண்ணில் வேர்கொண்டன. பழத்தோட்ட அருவி என்று ஓர் அருவிக்கே பெயர் அமையும் அளவுக்குக் குற்றாலமும் பழமரங்களும் பிணைந்துள்ளன.

மங்குஸ்தானை வாங்கியவர்கள் அதன் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். அங்கே பூவிதழ் போன்ற சிறு மடல்கள் இருக்கும். அவற்றை எண்ணினால் போதும். உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும். சிறுவர்கள் இதை ஒரு விளையாட்டாகவே செய்வதுண்டு. ஆனால் இப்பழத்தில் அதனினும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. மங்குஸ்தானுக்குத் தந்தை இல்லை. மகரந்தம் தரும் ஆண் மரம் இயற்கையில் அறியப்படவில்லை. அதன் விதை, இரு பாலினமும் கலந்து உருவாவதன்று. தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைப்பது. ஆகவே குற்றாலத்தில் நிற்கும் ஒரு மரத்தின் விதையை நட்டால், பல ஆண்டுகள் காத்திருந்தபின் கிடைப்பது ஏறத்தாழ அதே மரத்தின் மறுபடிதான்.

மலைக்கு அப்பால், கேரளத்தில் வளரும் குடம்புளி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. விதை நட்டவர் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, அது பூக்கும்போதுதான் ஆணா பெண்ணா என்று அறிவார். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டு மரங்களும் மரபுவழியைக் கடத்தும் முறையில் இவ்வளவு மாறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், நம் சமூகக் குடும்பங்களைத் தொடும் ஒரு கேள்விக்கும் விடை தெளிவாகும். அக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

முதலில் மரபணு என்பது யாது என்று காண்போம். ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி எழுத்துகளால் அது எழுதப்பட்டிருக்கிறது. மனிதனின் ஒரு தொகுப்பில் சுமார் 310 கோடி எழுத்துகள். இவற்றில் புரதங்களைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகளே பொதுவாக மரபணுக்கள் எனப்படுகின்றன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 20,000. அப்புரதக் குறிப்புகள் மொத்த எழுத்துகளில் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. இத்தொகுப்பில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் நமக்கு வருகின்றன. எனவே ஏறத்தாழ ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரு படிகளாக உள்ளது.

ஆனால் எழுத்து இருப்பது மட்டும் போதாது. மங்குஸ்தான் மரத்தின் வேரிலும் இலையிலும் பழத்தோலிலும் உள்ள டி.என்.ஏ. ஒன்றே. அப்படியிருக்க, வேர் ஏன் ஊதா நிறம் கொள்வதில்லை? பழம்கூடத் தொடக்கத்தில் பச்சையாகவே இருந்து, முதிர்ந்தபின் சில நாள்களுக்குள் இளஞ்சிவப்பாகிப் பின் கருஞ்சிவப்பாவது எதனால்? நிறமியைச் செய்யும் மரபணுக்கள் எல்லா இடத்திலும் எப்போதும் உள்ளன. அவற்றைத் தட்டியெழுப்பும் வேறொரு மரபணு உண்டு. மங்குஸ்தானில் அதற்கு எம்.ஒய்.பி.-10 என்று பெயரிட்டு, பழம் நிறம் மாறும்போது அது மிகுதியாக இயங்குவதை 2009ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பழுக்கும்போது சுரக்கும் எத்திலீன் வாயு அதை முடுக்குகிறது. அது நிறமி மரபணுக்களை முடுக்குகிறது. ஒரு நூலகத்தில் எல்லா நூல்களும் இருக்கலாம். எந்த அறையில், எந்த வேளையில், எந்த நூல் விரிக்கப்படுகிறது என்பதே உயிர்களின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மரபணுக் கட்டுப்பாடு என அறிவியலார் கூறுவது இதுவே. மரபணு என்றாலே தலையெழுத்து என்று எண்ணிவிடுவோர் இந்தப் பகுதியை மறந்துவிடுகின்றனர் என்பது நம் எண்ணம்.

இனி எழுத்துப் பிழை. உயிரணு பிரியும்போது கோடிக்கணக்கான எழுத்துகள் படியெடுக்கப்படுகின்றன. அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும், அல்லது விடுபடும். இதைத் திடீர்மாற்றம் என்பர். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய மாற்றங்களோடு பிறக்கிறது. தந்தையின் வயது கூடக்கூட இவ்வெண்ணிக்கை கூடுகிறது. பெரும்பாலானவை எந்த விளைவும் அற்றவை. சில நன்மை தரும். சில தீங்கு தரும். ஆனால் தீங்கு தருவனவற்றுள் பல ஒளிந்து வாழ்பவை. இரு படிகளில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடுவதால், அவற்றைச் சுமப்பவர் தம்மிடம் அப்படியொன்று இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடிப்பார். நம்முள் பெரும்பாலோர், இரு படியும் அதுவாக அமைந்தால் கடும் நோய் தரக்கூடிய பழுதுகளில் ஒன்றிரண்டையேனும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

மங்குஸ்தானுக்கு இதனால் கவலை இல்லை. தாயின் இரு படிகளும் கலைக்கப்படாமல் அப்படியே விதைக்குப் போவதால், ஒரு படியில் ஒளிந்த பழுது தன் இணையைச் சந்திப்பதேயில்லை. ஆனால் அதற்கு வேறு விலை உண்டு: ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் எல்லா மரத்தையும் வீழ்த்தக்கூடும். குடம்புளியும் மனிதரும் வேறு வழியினர். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுகள் குலுக்கப்படுகின்றன. தாயிடம் ஒளிந்திருந்த ஒரு படியும் தந்தையிடம் ஒளிந்திருந்த அதே பழுதுள்ள படியும் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. இருவருமே சுமப்பவராயின் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தை நலமாகப் பிறந்தது என்பதால் அடுத்த பேற்றில் அது குறைவதில்லை.

இங்கேதான் நாம் தள்ளிவைத்த கேள்வி எழுகிறது. தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி வட்டாரத்திலும், பொதுவாகத் தமிழகமெங்கும், உறவுக்குள் மணம் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் உறவுக்குள் மணந்தவர்களாகக் காணப்பட்டனர். பிற தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் உள்ள தாய்மாமன் மணம் திருக்குர்ஆனின் தெளிவான தடையினால் முஸ்லிம்களிடம் இல்லை. ஆனால் மாமன் மகள், மாமி மகன் மணம் உண்டு. பெரியப்பா, சின்னம்மா மக்களை உடன்பிறந்தாராகவே கருதி அவர்களை மணக்காமல் விடுவது தமிழ் முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள மரபு. மார்க்கம் விலக்காததைத் தமிழ் மண்ணின் உறவுமுறை விலக்கியது எனலாம். மரபணுக் கணக்கோ இவ்வேறுபாட்டை அறியாது. மாமன் மகளாயினும் பெரியப்பா மகளாயினும் பொதுவாக அமையும் பங்கு எட்டில் ஒன்றே.

அந்த எட்டில் ஒன்று என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். பீட்டா தலசீமியா என்னும் இரத்த நோய்க்கான பழுதை இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் சுமக்கின்றனர். சுமக்கும் ஒருவர் அயலாரை மணந்தால், அவரும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு சுமார் முப்பதில் ஒன்று. மாமன் மகளை மணந்தால் எட்டில் ஒன்றுக்கும் சற்று மேல். நோய் அரிதாக ஆக இவ்விடைவெளி பெருகும். ஐந்நூறில் ஒருவர் சுமக்கும் பழுதாயின், அயலாரிடம் ஐந்நூறில் ஒன்று. உறவிலோ அப்போதும் ஏறத்தாழ எட்டில் ஒன்றே.

ஆயினும் இதை மிகைப்படுத்தவும் கூடாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு நூற்றுக்கு மூன்று என்பது, பாகிஸ்தானிய வழியினரின் உறவுமணத்தில் ஆறு என இரட்டித்திருந்தது. இரட்டிப்பு என்பது அஞ்சத்தக்கது. ஆனால் நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் அக்குறையின்றிப் பிறந்தன என்பதும் அதே கணக்குத்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் 1970களில் தமிழகத்தில் ஆய்ந்தபோது, உறவுமணத்தில் பிறந்த சிசுக்களின் வளர்ச்சியளவுகளில் பெரும் வேறுபாட்டைக் காணவில்லை. ஆபத்து எல்லார்மீதும் மெல்லப் பரவுவதில்லை. சில குடும்பங்களின்மீது முழுச் சுமையாக இறங்குகிறது.

தலசீமியாவையே இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். நாம் இதுவரை கூறிய மூன்றும் அதில் ஒன்றாகக் கூடுகின்றன. இரத்தச் சிவப்பணுவில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு பாதியான பீட்டா குளோபினைச் செய்யும் மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் தலசீமியாப் பழுது எது தெரியுமா? அம்மரபணுவின் முதல் இடைப்பகுதியில் ஐந்தாம் எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி ஆகிவிடுவது. இடைப்பகுதி என்பது புரதத்தில் சேராமல் வெட்டியெறியப்படும் துண்டு. அப்படியானால் அதில் பிழை வந்தால் என்ன? வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளம் அங்கேதான் இருக்கிறது. அடையாளம் கெட்டதால் உயிரணு தவறான இடத்தில் வெட்டுகிறது. வாசகம் சரி, வாசிப்புத்தான் பிழை.

இரு படியும் இவ்வாறு பழுதான குழந்தை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். வீட்டார் மகிழ்வர். சில மாதங்களுக்குப்பின், பெரும்பாலும் முதல் ஆண்டு முடிவதற்குள், வெளுக்கத் தொடங்கும். காரணம், கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதிலாகக் காமா குளோபின் என்னும் வேறொரு மரபணு இயங்குகிறது. பிறந்தபின் அது அணைக்கப்பட்டுப் பீட்டா ஏற்றப்படுகிறது. குற்றாலத்துப் பழத்தோலில் நிகழ்வது போன்ற ஒரு விசைமாற்றம்தான் இதுவும். அவ்விசை மாறும் வரை பிழை வெளிப்படுவதில்லை. பின்னர் வாழ்நாள் முழுவதும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்து உட்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் இடையே பழி பல வீடுகளில் தாயின்மீதே விழுகிறது. இரு படிகளில் ஒன்று தந்தையுடையது என்பதை அறிந்தோர் அப்பழியைச் சுமத்தமாட்டார்.

காமாவை அணைக்கும் விசை பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு என 2008இல் அறியப்பட்டது. அவ்விசையை அணைத்தால் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்குமன்றோ? அவ்வாறே நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து வரும் மூல உயிரணுக்களை எடுத்துத் திருத்தி மீண்டும் செலுத்தும் காஸ்கெவி என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் இசைவளித்தது. பழுதான எழுத்தைத் தொடாமல், அணைந்த மரபணுவை ஏற்றி நோயை வெல்லும் வழி இது. அமெரிக்காவில் அதற்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். தென்காசிச் சிற்றூர் ஒன்றின் குடும்பத்திற்கு அது எட்டாக்கனி.

இப்பழுது ஏன் இத்தனை தலைமுறைகளாக அழியாமல் நிற்கிறது என்றும் கேட்கலாம். ஒரு படியை மட்டும் சுமப்பவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கிறது. இவ்வாறு இருக்கக்கூடும் என 1940களின் இறுதியிலேயே கருதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து இந்நாட்டுக் குடிமகனாகவே 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர்.

மார்க்கத்தின் நிலை யாது? மாமன், மாமி மக்களை மணப்பது ஆகுமானது என்பதில் ஐயமில்லை. நபி (ஸல்) அவர்களே தம் தந்தையின் சகோதரி மகளான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஆகுமானது என்பது கட்டாயம் என்று பொருள்படாது. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில், மணமகள் நெருங்கிய உறவினளாக இல்லாதிருப்பதை விரும்பத்தக்க பண்புகளுள் வைக்கிறார். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வின் திருமண அதிகாரத்தில் இதையே சொல்கிறார். அவர் எடுத்துக்காட்டும் செய்தி நபிமொழியாக நிறுவப்படவில்லை என்பது ஹதீஸ் ஆய்வாளர் கருத்து. அவர் கூறும் காரணமும் மரபணு அன்று. அவர்களை மரபணு அறிவியலின் முன்னோடிகளாக்க நாம் முயல வேண்டியதில்லை. ஆயினும் உறவுவிட்டு மணப்பதை ஊக்குவிப்பது நம் நூல்களுக்குப் புதிதன்று என்பது போதும்.

உறவிலேயே மணம் முடிக்க விரும்புவோர்க்கும் வழி உண்டு. சவூதி அரேபியா 2004 முதலும், ஈரான் 1997 முதலும் மணத்திற்குமுன் தலசீமியா சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் இரத்தச் சோதனையே அதில் முதன்மையானது. சுமப்பவரிடம் இவ்வளவு பொதுவாக நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இவ்வளவைத் தாழ்த்திக் காட்டக்கூடுமாதலால், முழு இரத்த எண்ணிக்கையோடு சேர்த்தே மருத்துவர் இதைப் படிப்பார். நிக்காஹ் தேதி குறித்தபின் செய்தால் முடிவைக் கேட்கும் துணிவு யாருக்கும் வராது; பேச்சு தொடங்கும்போதே இருவரும் செய்துகொள்வது நலம். ஒருவர் மட்டும் சுமப்பவராயின் குழந்தைகள் எவருக்கும் பீட்டா தலசீமியாவின் கடுமை வராது. அவர்களுள் பாதிப்பேர் தாமும் சுமப்பவராக இருக்கக்கூடும், அவ்வளவே.