பழைய பிக்கப் வண்டியின் பிரேக்குக் கோளாறுகளை அறிந்து தீர்க்கும் முறை

விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், உரமும் விதையும் ஏற்றி வருவதற்கும் பிக்கப் என்னும் சிறு பாரவண்டியே இப்பொழுது பெரிதும் பயன்பட்டு வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த வண்டியை வாங்கி ஓட்டுவோரும் பலர். இத்தகைய வண்டியில் என்ஜின் பழுதுபட்டால் பயணம் மட்டுமே தடைப்படும். பிரேக்குப் பழுதுபட்டாலோ உயிர்ச்சேதம் நேரும். ஆயினும் பிரேக்கு முன்னறிவிப்பின்றிக் கெடுவது அரிது. கெடுமுன் அது பெடலின் வாயிலாகப் பல குறிகளைக் காட்டுகிறது. அக்குறிகளை அறிந்து கொள்ளாமல், ஆயில் குறையுந்தோறும் ஊற்றிக்கொண்டே வண்டியை ஓட்டுவது நோயை மறைத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

பிரேக்கு வேலை செய்யும் விதம்

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய்களின் வழியே அழுத்தத்துடன் நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன்சக்கரங்களில் டிஸ்க்கைப் பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. பின்சக்கரங்களில் டிரம்முக்குள் ஷூக்கள் விரிந்து உராய்கின்றன. பூஸ்டர் என்னும் வட்டமான பெட்டி வெற்றிடத்தின் உதவியால் கால் பலத்தைப் பெருக்குகிறது. அவ்வெற்றிடம் என்ஜின் ஓடினால்தான் உண்டாகும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பெடல் காட்டும் குறிகள்

1. பெடல் பஞ்சு போல மெத்தென்றிருத்தல்: குழாயினுள் காற்றுப் புகுந்துள்ளது. ரப்பர்க் குழாய் நைந்து உப்புவதாலும் இவ்வாறாகலாம்.

2. மிதித்துப் பிடித்திருக்கையில் பெடல் மெல்லக் கீழிறங்குதல்: எங்கேனும் ஆயில் கசிகிறது என்பது பொருள். சக்கரங்களின் உட்புறத்தையும் குழாய் இணைப்புகளையும் பார்க்கவும். வெளியே கசிவு காணப்படாவிடில், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளிருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கும். இக்குறி கண்டபின் வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது.

3. முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து நிற்றல்: பின்சக்கர ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது. அட்ஜஸ்டரைத் திருகி, ஷூ டிரம்மைத் தொட்டபின் சக்கரம் தடையின்றிச் சுழலுமளவு தளர்த்த வேண்டும்.

4. பெடல் கல்லைப் போல இறுகியிருத்தல்: பூஸ்டரைச் சோதிக்கவும். என்ஜினை நிறுத்தி, பெடலை நான்கைந்து முறை மிதித்து, பின் மிதித்தபடியே என்ஜினை இயக்குக. பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் நன்று. தாழாவிடில் வெற்றிடக் குழாய், பம்பு, பூஸ்டர் ஆகியவற்றுள் ஒன்று பழுது.

5. வண்டி ஒருபுறம் இழுத்தல்: முதலில் டயர்களின் காற்றைச் சரிபார்க்கவும். அதன்பின்னும் இடப்புறம் இழுத்தால், வலப்புற முன்சக்கரப் பிரேக்கு சரியாகப் பிடிக்கவில்லை என்று ஐயுற வேண்டும். பிஸ்டன் இறுகியிருத்தலும் பேடில் எண்ணெய் படிதலும் இதற்குக் காரணமாகும்.

6. ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாதல்: அச்சக்கரத்தைத் தூக்கி, அதன் பிளீடரைச் சிறிது திறக்கவும். உடனே சக்கரம் தளர்ந்தால் ரப்பர்க் குழாயின் உட்புறம் அடைபட்டு ஆயில் திரும்பாமலிருக்கலாம். தளராவிடில் பிஸ்டனோ ஹேண்ட் பிரேக் கேபிளோ இறுகியிருக்கும்.

பழுது பார்க்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகலாகாது. டிரம்மிலுள்ள தூசியில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அதை ஊதாமல் நனைத்துத் துடைக்கவும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் பயனில்லை. கசிவை நிறுத்தி, இருபுறச் சக்கரங்களுக்கும் புதிய ஷூக்களையே பொருத்த வேண்டும்.

காற்று எடுத்தல்

இவ்வேலைக்கு இருவர் தேவை. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். பிளீடரில் தெளிவான குழாயை மாட்டி, அதன் நுனியை ஆயிலுள்ள சீசாவில் அமிழ்த்துக. ஒருவர் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் பிளீடரைத் திறந்து, குமிழிகள் வெளிவந்ததும் மூட வேண்டும். மூடிய பின்னரே காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை இவ்வாறு செய்க. மேலுள்ள பாத்திரம் வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அவ்வளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுவது நலம். என்ஜின் ஆயிலையோ டீசலையோ ஒரு துளியும் கலக்கலாகாது. ரப்பர்கள் உப்பிக் கெடும்.

பாரமும் பட்டையும்

நிறைய ஏற்றும் பொருட்டுப் பின்புறம் கூடுதல் பட்டைகளைச் சேர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. சில வண்டிகளில் பின் அச்சுடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு உண்டு. பாரத்தால் வண்டி தாழுவதை அறிந்து, அது பின்சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கூட்டுகிறது. பட்டைகளைச் சேர்த்தால் வண்டி தாழாது. வால்வு அதனை வெறும் வண்டியென்றே கொள்ளும். பாரம் மிகுந்த வேளையில் பின்பிரேக்குக் குறைவாகவே பிடிக்கும். இது பலரும் அறியாத குறையாகும். உர மூட்டைகளிலிருந்து சிந்தும் உப்புச்சத்தும் இரும்புக் குழாய்களை அரிக்கும். ஏற்றி இறக்கியபின் அடிப்பாகத்தை நீரால் கழுவுக.

மலைப்பாதையில்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையிலும், நீலகிரிக் காய்கறிகள் மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் சாலைகளிலும் இடைவிடாது பிரேக்கை மிதித்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் திடீரெனத் தரைவரை செல்லும். ஏறும் கியரிலேயே இறங்குவது நல்விதி. டீசலை மிச்சப்படுத்த எண்ணி என்ஜினை நிறுத்தி இறங்குவோர், என்ஜினின் தடையையும் பூஸ்டரின் உதவியையும் ஒருங்கே இழக்கின்றனர். மிச்சமாகும் சிறு தொகைக்கு இது தகாத துணிவாகும்.

வேகம் இரட்டித்தால், பிரேக்குப் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். சுமையின் மேல் கூலியாட்களை ஏற்றுவது விதிகளுக்கு மாறானது. பிரேக்கு தவறினால் முதலில் வீழ்பவர்கள் அவர்களே. கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். வண்டியுடையோர் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே மேற்கூறிய சோதனைகளைச் செய்து, ஐயமுள்ளவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டித் திருத்திக்கொள்வார்களாக.