சுருக்கும் வேலை சுணங்குவது ஏன்?

முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் படங்கள் யாவும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஞானஸ்நானப் படம் ஒன்று, புதுநன்மைப் படம் ஒன்று, திருமண ஆல்பம் ஒன்று; அவ்வளவுதான். இன்றோ ஒரு புதுநன்மை விழாவுக்கே ஐந்நூறு படங்கள் எடுக்கிறோம். கைப்பேசியில் இடம் போதுவதில்லை. ஆகவே சில இல்லங்களில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதனுள் ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க்குகள் சுழன்றுகொண்டிருக்கும். வீட்டிலுள்ள எந்தக் கணிப்பொறியிலிருந்தும் அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். கடைக்காரர்கள் இதை 'நாஸ்' என்பார்கள். நாம் சேமிப்புப் பெட்டி என்றே அழைப்போம்.

வெளிநாட்டிலிருக்கும் சித்திக்கு அனுப்புவதற்காக இப்பெட்டியிலுள்ள படங்களை 'ஜிப்' கோப்பாகச் சுருக்க முயலும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த வேலை இரவு உணவு முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். பொறுமை இழந்து யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அபாயம் அங்கேதான் இருக்கிறது. புத்தகங்களில் பொருளடக்கம் முன்பக்கத்தில் இருக்கும். ஜிப் கோப்பிலோ அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாப் படங்களையும் கட்டி முடித்த பிறகே அது எழுதப்படுகிறது. நடுவில் நிறுத்தினால் பொருளடக்கம் இல்லாத கட்டுதான் மிஞ்சும். சாதாரணமாக அது திறக்காது. மூலப் படங்களை இதற்குள் அழித்திருந்தால், மறைந்த பாட்டியின் முகத்தை எங்கே போய்த் தேடுவது? ஆகவே தாமதத்தின் காரணத்தை அறிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்த மட்டுமன்று.

சுருக்குதல் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். மாதா பிரார்த்தனையில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரே பதிலைச் சொல்கிறோம் அல்லவா? ஜெபப் புத்தகத்தில் அப்பதிலை முதல் வரியில் மட்டும் அச்சிட்டு, கீழே வெறும் கோடு போட்டு விடுவதுண்டு. கோட்டைக் கண்டதும் 'மேலே சொன்னதையே சொல்' என்று புரிந்துகொள்கிறோம். ஜேக்கப் ஜிவ், ஏபிரகாம் லெம்பெல் என்னும் இரு அறிஞர்கள் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட முறையும் ஏறக்குறைய இதுதான். ஒருமுறை வந்த தொடர் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன் வந்ததைப் பார்' என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதப்படும். அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய அடையாளமும், அரிதாக வருவதற்குப் பெரிய அடையாளமும் கொடுக்கும் ஹஃப்மன் முறை 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஃபில் காட்ஸ் என்பவர் 1989இல் கொண்டுவந்த ஜிப் கோப்பு, பின்னர் இவ்விரண்டையும் இணைத்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் கைப்பேசியும் கேமராவும் எடுக்கும் 'ஜேபெக்' படங்கள் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. பிழிந்த தேங்காய்ப் பூவை மறுபடி பிழிவது போல, அவற்றை ஜிப் செய்வதால் கிடைக்கும் மிச்சம் மிகச் சொற்பம். வீடியோவும் அப்படியே. கணிப்பொறி மட்டும் ஒவ்வொரு படத்தையும் துருவித் துருவித் தேடிக் களைத்துப் போகும். செவன்-ஜிப் போன்ற இலவச மென்பொருள்களில் 'ஸ்டோர்' என்றொரு நிலை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் சுருக்காமல் ஒரே கட்டாகக் கட்டித் தரும். படங்களுக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. பாடக் குறிப்புகள், கணக்கு அட்டவணைகள் போன்ற எழுத்துக் கோப்புகளுக்குத்தான் சுருக்குவதால் பெரும் பயன் உண்டு.

அடுத்து, வேலை நடக்கும் இடம். படங்கள் பெட்டியில் இருக்கின்றன. ஜிப் கோப்பும் பெட்டியிலேதான் உருவாகிறது. எனவே வேலையும் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. களஞ்சியம் கிராமத்தில், அரிசி ஆலை பட்டணத்தில் என்று வைத்துக்கொள்வோம். நெல் வண்டியேறிப் பட்டணம் போக வேண்டும்; அரைத்த அரிசி மறுபடி வண்டியேறிக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். நம் மடிக்கணினியில் அமர்ந்து கட்டளை கொடுத்தால் நடப்பது இதுவே. ஒவ்வொரு படமும் பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு வந்து, அங்கே கட்டப்பட்டு, மீண்டும் பெட்டிக்குப் போகிறது.

கம்பி இணைப்பில் இரு திசையிலும் ஒரே நேரத்தில் வண்டி ஓடலாம். வைஃபையில் அப்படியில்லை, காற்று ஒன்றே, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். வைஃபை உண்மையில் விநாடிக்கு 20 மெகாபைட் சுமக்கிறது என்று கொள்வோம். 40,000 மெகாபைட் படங்கள் வந்து சேர 2,000 விநாடி, திரும்பிப் போக 2,000 விநாடி. போக்குவரத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது!

இதற்குப் பரிகாரம் இரண்டு. சினாலஜி, க்யூநாப் போன்ற பெட்டிகளைப் பிரவுசரில் திறந்தால் 'ஃபைல் ஸ்டேஷன்' என்னும் பகுதி இருக்கும். அங்கிருந்து கட்டளையிட்டால் ஆலை கிராமத்துக்கே வந்துவிடும். வண்டிப் பயணம் இல்லை. ஆனால் மலிவான பெட்டிகளின் மூளை சிறியது, நினைவகமும் குறைவு. கடினமாகச் சுருக்கச் சொன்னால் திணறும். அப்போது கோப்புகளை மடிக்கணினியின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கேயே சுருக்கி, முடிந்த கட்டை மட்டும் திருப்பி அனுப்பலாம்.

நம் வீட்டில் குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுமார் 1,000 மெகாபைட் உள்ள ஒரே ஒரு வீடியோவைப் பெட்டியிலிருந்து கம்பி வழியாக நகலெடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பத்து விநாடியளவில் முடிந்தால் பாதை நன்று. ஒன்றரை நிமிடம் ஆனால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். நெட்வொர்க் கம்பிக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. விநாடிக்கு 1000 மெகாபிட் என்னும் வேகத்துக்கு எட்டும் தேவை. 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். கதவிடுக்கில் நசுங்கி ஒன்று அறுந்தாலும், இணைப்பு அறாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடக்கூடும். இணையம் வழக்கம்போல வருவதால் எவரும் ஐயப்படுவதில்லை. கணிப்பொறியின் நெட்வொர்க் விவரத்தில் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். புதுக் கம்பி ஒன்று மாற்றினால் தீர்ந்தது.

பெரிய வீடியோ விரைவாக வந்தும் படக் கட்டு சுணங்கினால், காரணம் கோப்புகளின் எண்ணிக்கையாக இருக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் 'திற', 'கொடு', 'மூடு' என்று கணிப்பொறியும் பெட்டியும் பலமுறை கேட்டும் பதிலளித்தும் கொள்கின்றன. இதற்கு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிறதென்றால், 20,000 சிறு கோப்புகளுக்கு 400 விநாடி பேச்சிலேயே போய்விடும். வைரஸ் தடுப்பு மென்பொருளும் ஒவ்வொன்றையும் சோதித்தால் இன்னும் கூடும். அதை அணைத்துவிடுமாறு நாங்கள் சொல்ல மாட்டோம்.

எழுதத் தொடங்கும்போது விரைவாக ஓடி, சற்று நேரத்தில் ஊர்ந்து செல்லும் டிஸ்க்குகளும் உண்டு. சிலவற்றில் தடங்கள், ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி அமைந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்ற அதன்மேல் ஏறியுள்ள ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டுமல்லவா? இந்த டிஸ்க்கும் அப்படியே பழையதை எழுத, அடுத்ததையும் சேர்த்தெழுதுகிறது. வாங்கும்போதே கேட்டறிய வேண்டிய செய்தி இது. குறுக்கெழுத்தாக 'எஸ்எம்ஆர்' என்பார்கள்.

கட்டைப் பிரிக்கும்போதும் மேற்சொன்ன பயணமே நடக்கிறது. இன்னொன்று: செவன்-ஜிப் சாளரத்திலிருந்து கோப்புகளைச் சுட்டியால் இழுத்துப் போட்டால், அவை முதலில் மடிக்கணினியின் தற்காலிக இடத்தில் விரிந்து, பிறகே போக வேண்டிய இடத்துக்கு நகலாகின்றன. இழுக்காமல் 'எக்ஸ்ட்ராக்ட்' கட்டளையைக் கொடுத்தால் ஒரு வேலை மிச்சம். அம்மென்பொருளின் சொந்த வகையான '7இசட்' கட்டில் பல கோப்புகள் ஒரே பிண்டமாகச் சுருக்கப்படுவதால், நடுவிலுள்ள ஒரே கோப்பு வேண்டுமென்றாலும் முன்னுள்ளவற்றை விரித்தே ஆக வேண்டும். அடிக்கடி எடுக்க வேண்டியவற்றுக்கு ஜிப்பே நல்லது.

வேலை முடிந்ததும் அதே மென்பொருளில் 'டெஸ்ட்' என்பதை அழுத்துங்கள். ஜிப் கட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்க்கும் எண் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் அனைத்தையும் விரித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒப்பிடும். பிழை ஒன்றுமில்லை என்று அது சொன்ன பிறகு, கட்டின் நகல் ஒன்றை வேறொரு டிஸ்க்கிலும் வைத்துவிட்டால், பெட்டியில் இடம் வேண்டி மூலப் படங்களை அகற்றலாம்.