நாட்படியும் கூலியும்: விமானப் பணியாளர் ஊதியம் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் 'படி' என்னும் சொல் முகத்தலளவை ஒன்றையும் குறிக்கும். சம்பளத்துக்குப் புறம்பாக வழங்கப்படும் பணத்தையும் குறிக்கும். தானியத்தை அளந்து கூலி கொடுத்த காலத்தின் நினைவு 'படியளத்தல்' என்ற வழக்கில் இன்றும் எஞ்சியுள்ளது. வேலையின் பொருட்டு வெளியூரில் இருப்பவரின் உணவுக்கும் சில்லறைச் செலவுக்குமாகக் கொடுக்கப்படும் நாட்படி யாவரும் அறிந்ததே. ஆயின் அது கூலியின் ஒரு கூறா, அல்லது செலவுக்கான ஈடா என்னும் வினா அத்துணை எளிதன்று. இவ்வினாவை ஆராய்வதற்கு விமானப் பணியாளரின் நாட்படி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலில் அது இயங்கும் முறையை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்க விமானக் கம்பனிகளில் பணியாளரின் நேரத்தை இரு கடிகாரங்கள் அளக்கின்றன எனலாம். முதலாவது, விமானம் புறப்படும் வாயிலை விட்டு நகரும்போது ஓடத்தொடங்கி, சேருமிடத்து வாயிலில் நிற்கும்போது ஓய்கிறது. மணித்தியாலச் சம்பளம் பெரும்பாலும் இதன்படியே கணிக்கப்படுகிறது. இரண்டாவது, பணியாளர் தமது தளநிலையத்தில் வேலைக்குச் சமுகமளித்ததிலிருந்து, திரும்பிவந்து விடுவிக்கப்படும்வரை இடையறாது ஓடுகிறது. விடுதியில் உறங்கும் நேரமும் விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் இதனுள் அடங்கும். விடுதி வாடகையைக் கம்பனி நேரடியாகச் செலுத்திவிடும். நாட்படியோ, பெயரளவில் நாளுக்குரியதாயினும், இவ்விரண்டாம் கடிகாரத்தின்படி மணிக்கு இவ்வளவு என்றே வழங்கப்படுகிறது. ஒருவர் 60 மணித்தியாலம் வெளியே இருந்து, அதில் 15 மணித்தியாலம் பறந்தார் என்று கொள்வோம். சம்பளம் 15 மணித்தியாலத்துக்கு. படி 60 மணித்தியாலத்துக்கு. படி மணிக்கு இரண்டரை டொலராயின் அவர் பெறுவது 150 டொலர்.

அரசு இப்பணத்தை எவ்வாறு வகைப்படுத்துகிறது? அமெரிக்க வரி முறையில் இரவு தங்கலே எல்லைக்கோடு. நித்திரைக்கோ ஓய்வுக்கோ தங்கவேண்டிய பயணத்திலேயே உணவு தொழிற்செலவாகும் என்ற விதியை, 1967இல் ஒரு பயண விற்பனையாளரின் வழக்கில், அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே இரவு தங்கிவரும் பணியாளரின் படி, வகுக்கப்பட்ட வரம்புக்குள், வரிக்கு உட்படுவதில்லை. அன்றே வீடு திரும்புபவரின் படி வரிக்குரிய ஊதியமாகிறது. இருவரும் நண்பகலில் உண்டது ஒரே விமான நிலையக் கடையின் பாணாகவே இருக்கலாம்.

பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானிகளின் வழக்கில் இம்முரண்பாடு மேலும் துலக்கமாயிற்று. அவர்களுக்கு நிலையான ஆண்டுச் சம்பளத்தோடு, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 பவுணும், தளத்தை விட்டு வெளியேயிருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 2.73 பவுணும் வழங்கப்பட்டன. பின்னைய தொகையில் 82 சதவீதம் செலவாகவும் 18 சதவீதம் ஊதியமாகவும் வரியின் பொருட்டுக் கொள்ளப்பட்டது. விடுமுறைக் காலத்திலோ நிலையான சம்பளம் மட்டுமே கிடைத்தது. விமானிகள் வழக்காடினர். வேலையோடு உள்ளார்ந்த தொடர்புடைய கொடுப்பனவுகள் விடுமுறைச் சம்பளத்திலும் சேரவேண்டும். துணைச் செலவுகளை ஈடுசெய்வதற்கு மாத்திரம் உரியவை சேரவேண்டியதில்லை என 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தொகைக்கு இடப்படும் பெயரே தொழிலாளியின் உரிமையை நிர்ணயிக்கிறது என்பது இதனாற் புலனாகும்.

கூலி என்னும் வடிவம், கூலி கொடுக்கப்பட்ட உழைப்புக்கும் கொடுக்கப்படாத உழைப்புக்கும் இடையிலுள்ள பிரிவை மறைத்துவிடுகிறது என்று 'மூலதனம்' முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். போக்குவரத்துத் தொழில் விற்பது இடமாற்றத்தையே என்பது இரண்டாம் பாகத்தில் அவர் காட்டிய உண்மை. இவ்விரண்டையும் இணைத்து நோக்குமிடத்து நாட்படியின் இயல்பு தெளிவாகும். இடமாற்றமே பண்டமாகும்போது, உழைப்பவர் வீட்டைப் பிரிந்திருத்தல் உற்பத்தியின் இன்றியமையாத நிபந்தனையாகிறது. அப்பிரிவிற்கான கொடுப்பனவு, எரிபொருளைப் போன்று, கம்பனியின் கணக்கில் செலவாகத் தோன்றுகிறது. பணியாளரின் கணக்கிலோ அது குடும்ப வருமானம். வீட்டிற் சமைத்த உணவைப் பெட்டியிற் கொண்டுசென்று படியை மிச்சம்பிடித்தல் இத்தொழிலில் யாவரும் அறிந்த வழக்கம். தமது வயிற்றைச் சுருக்கியும், வீட்டிலுள்ளோரின் சமையலுழைப்பைச் சேர்த்தும், அவர் செலவை மீண்டும் கூலியாக்குகிறார்.

இவ்வருமானத்தின் நிலையாமை 2020இல் வெளிப்பட்டது. பெருந்தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது படியும் நின்றுபோயிற்று, வீட்டிலிருப்பவருக்குப் படியில்லை. ஆயினும் அதை நம்பியிருந்த வீட்டு வாடகையும் கடனும் நிற்கவில்லை.

அண்மைக்காலப் போராட்டங்கள் முதலாவது கடிகாரத்தையே கேள்விக்குள்ளாக்கியுள்ளன. பயணிகளை ஏற்றும் நேரத்துக்கு டெல்ற்றா கம்பனி 2022இல் அரைவாசி வீதத்திற் சம்பளம் வழங்கத் தொடங்கியது. 2025 ஓகஸ்டில் எயார் கனடாவின் 10,000க்கு மேற்பட்ட விமானப் பணியாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று, தரையிற் செய்யும் வேலைக்கும் சம்பளம் வேண்டும் என்பதாகும். படியை உயர்த்துவதால் மட்டும் இக்கோரிக்கை நிறைவேறாது. படி உண்பதற்கானது என்றால் அது உணவின் உண்மையான விலைக்கு ஈடாக இருத்தல் வேண்டும். உழைப்புக்கானது என்றால் கூலியென்றே பெயர் பெற்று, விடுமுறைச் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் சேர்தல் வேண்டும்.